அடைக்கலப் பொருளும் மறைத்தெழுதிய கணக்கும்

பொய்யாமை என்னும் விரதத்தை நாம் பெரும்பாலும் நாவின் விரதமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். குழந்தைகளுக்குக் கற்பிக்கும்போதும் 'பொய் பேசாதே' என்றுதான் சொல்கிறோமேயன்றி, 'பொய் எழுதாதே' என்று சொல்வதில்லை. ஆயினும் இன்றைய உலகில் மனிதரைப் பெரிதும் துன்புறுத்தும் பொய்கள் பேசப்படுபவை அல்ல, எழுதப்படுபவை. அவற்றுள்ளும் எண்ணால் எழுதப்படும் பொய்யே கொடியது. சொல்லால் ஆன பொய்யைப் பாமரரும் ஐயுறுவர். எண்ணால் ஆன பொய்யைக் கற்றவரும் நம்பிவிடுவர்.

வங்கியொன்று தான் கொடுத்த கடன்களில் திரும்பி வாராதவை எவ்வளவு என்பதை மறைத்து வைத்தால் அது பொய்யா? 'உண்மையைச் சொன்னால் மக்கள் அஞ்சி ஓடி வந்து பணத்தைத் திரும்பக் கேட்பர். நல்ல வங்கியும் நொடித்துப் போகும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அல்லற்படும். ஆகவே மறைப்பதே தீங்கு தவிர்ப்பது' என்று ஒருவர் வாதிட்டால் நாம் என்ன விடை கூறுவது? பிற உயிர்க்குத் துன்பம் தரும் உண்மையும் உண்மையாகாது என்பது நம் ஆன்றோர் கொள்கை. அக்கொள்கையை எடுத்து வங்கிக் கணக்கை மறைப்பதற்குத் துணையாகக் கொள்ளலாகுமா? இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் இதனை எழுப்புவோர் எல்லாரும் தீயவர் அல்லர்.

காஞ்சி மாநகரில் வாழ்வோர்க்குக் கடனும் வட்டியும் புதியன அல்ல. பட்டு நூல் வாங்கக் கடன், ஜரிகைக்குக் கடன், தறி வைக்கக் கடன், மகள் திருமணத்திற்குக் கடன். கூலிக்கு நெய்பவர் முதலாளியிடம் முன்பணம் பெற்று, அந்த முன்பணம் தீரும்வரை வேறிடம் செல்ல இயலாது கட்டுண்டு கிடப்பதை நம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம். ஆனால் இந்நகருக்குக் கணக்கின் தூய்மை பற்றியும் ஒரு பழைய மரபு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டினது. கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருக்கோயிலின் பொன், இந்நகரின் நெசவாளர் வாழ்ந்த சேரிகளில் வட்டிக்கு விடப்பட்டதையும், அவ்வட்டியைக் கொண்டு வழிபாடும் விழாவும் நடைபெற வேண்டியதையும் அது விரிவாகக் கூறுகிறது. ஊரகம் என்பது இன்று நாம் உலகளந்த பெருமாள் கோயில் என வழங்கும் இடமே. பொன் யாரிடம் உள்ளது, அதற்கு வட்டி எவ்வளவு, அவ்வட்டி எச்செலவுக்கு உரியது, அக்கணக்கை யார் பார்ப்பது என்பன எல்லாம் செம்பில் வெட்டி வைக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் ஊர் நெசவாளர் கடன் பெற்றவராக மட்டுமின்றிக் கோயில் பொருளுக்குப் பொறுப்பேற்றவராகவும் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை தருவது. கடன் கணக்கு மறைபொருளாக இருக்கவில்லை என்பது அதனினும் பெரிது.

இனி அறநூல் வழி நோக்குவோம். உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார்க்குரிய விரதங்களும் ஒவ்வொரு விரதத்துக்கும் நேரக்கூடிய அதிசாரங்களும் கூறப்பட்டுள்ளன. வாய்மை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்து. அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு நேரே உரியவை. ஒன்று கூடலேகக் கிரியை, மற்றொன்று நியாசாபகாரம். காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்திக் கூறும் சமந்தபத்திர ஆசாரியரும் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரண்டையும் வாய்மையின் குற்றங்களாகவே வைத்துள்ளார்.

கூடலேகம் என்பது, ஒருவர் சொல்லாததையும் செய்யாததையும் சொன்னதாகவும் செய்ததாகவும் வஞ்சிக்கும் பொருட்டு எழுதி வைத்தல். நியாசாபகாரம் என்பது அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். இதற்குப் பூஜ்யபாதர் தரும் விளக்கம் நம்மைப் பலமுறை வியக்க வைத்திருக்கிறது. பொன்னை ஒருவரிடம் ஒப்படைத்தவர் பின்னர் அதன் அளவை மறந்து, குறைவாகச் சொல்லிக் கேட்கிறார். பெற்றவர் 'ஆம், அவ்வளவே' என்று கூறிக் கொடுத்துவிடுகிறார். இதுவே அக்குற்றம். பெற்றவர் எதையும் பறிக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை, மறதிக்கு 'ஆம்' என்றார், அவ்வளவே. இதனைக் கள்ளாமையின்கீழ் வைக்காமல் வாய்மையின்கீழ் வைத்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். பொருள் போனது விளைவு. உண்மை அறிந்தவர் அறியாதவரின் அறியாமைக்கு இசைந்து மௌனம் காத்ததே குற்றத்தின் வேர் என்பது ஆசாரியர் கருத்தென நாம் கொள்கிறோம்.

இங்கு ஒரு தடை எழலாம். வங்கியில் வைக்கும் வைப்பு, சட்டப்படி அடைக்கலப் பொருள் அன்று. அது வாடிக்கையாளர் வங்கிக்குக் கொடுக்கும் கடன். நாம் கொடுத்த நோட்டுக்களையே பெட்டியில் பூட்டி வைத்துத் திருப்பித் தருவது வங்கியின் வேலையன்று. அதைப் பிறருக்குக் கடனாகத் தந்து வட்டி ஈட்டி, அதில் ஒரு பங்கை நமக்குத் தருவதே அதன் தொழில். ஆகையால் நியாசம் என்னும் சொல் இதற்குப் பொருந்தாது என்பர். சட்டத்தின் நோக்கில் இத்தடை சரியே. ஆனால் ஓய்வூதியப் பணத்தை வங்கியில் வைக்கும் ஒரு முதியவரிடம் 'நீங்கள் இவ்வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அறிவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 'இல்லையே, பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்பார். அவர் உள்ளத்தில் அது அடைக்கலமே. வங்கியும் அவர் அப்படி எண்ணுவதைத்தான் விரும்புகிறது. அதன் விளம்பரங்கள் பாதுகாப்பையும் நம்பிக்கையையுமே பேசுகின்றன. பெறும்போது அடைக்கலம் என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டு, கணக்குக் காட்டும்போது 'இது வெறும் கடன்' என்பது நேர்மையாகுமா?

கூடலேகம் வங்கியில் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். ஒரு வணிகர்க்கு வங்கி ஒரு கோடி ரூபாய் கடன் தருகிறது. ஆண்டு வட்டி 12 இலட்சம். அவர் வட்டி கட்டவில்லை. பழைய முறைப்படி, அவ்வட்டி வர வேண்டிய நாள் வந்தவுடனேயே அதை வருமானமாகப் பேரேட்டில் எழுதலாம். காசு கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. வாராத வட்டி அசலோடு சேர்ந்து கடன் வளரும். அடுத்த ஆண்டு, வளர்ந்த கடனுக்கு இன்னும் மிகுதியான வட்டி 'வருமானம்' ஆகும். கடன் எவ்வளவு கெட்டுப் போகிறதோ அவ்வளவு இலாபம் தோன்றும்! 1991ஆம் ஆண்டின் நரசிம்மம் குழு அறிக்கையை ஒட்டி, 1992 முதல் ரிசர்வ் வங்கி இம்முறையை மாற்றியது. கைக்கு வாராத வட்டியை வருமானமாகக் காட்டலாகாது என்றும், நான்கு காலாண்டு நிலுவையில் நின்ற கடனை வாராக்கடன் வகையில் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. பின்னர் அது மூன்று காலாண்டாகவும் இரண்டு காலாண்டாகவும் சுருங்கி, 2004 மார்ச்சு முதல் 90 நாட்கள் என்றாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவைத் தமிழகம் நேரில் கண்டது. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தபோது விதவைகளும் ஓய்வு பெற்ற ஊழியர்களும் கோயில் நிதிகளும் அதில் அழிந்ததைப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் உரிமையாளர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். அந்த அழிவின் சாம்பலிலிருந்து, வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15இல் தோன்றியதே இந்தியன் வங்கி. நம்மவர் பணம் நம்மவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதே அதன் பிறப்பின் நோக்கம். அத்தகைய வங்கி 1995-96ஆம் ஆண்டில் 1,336 கோடி ரூபாய் இழப்பை அறிவித்தது. அந்நாளில் நாடே திகைத்தது. அத்துணை இழப்பும் அந்த ஓராண்டில் நேர்ந்ததா? இல்லை. கடன்கள் கெட்டது பல ஆண்டுகளில், எழுதப்பட்டது ஓராண்டில். அரசு மூலதனம் செலுத்தித் தாங்கியதால் வைப்பாளர் தப்பினர். வங்கியும் பின்னர் நிமிர்ந்து, 2020இல் அலகாபாத் வங்கியையே தன்னுள் இணைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. ஆனால் அரசு செலுத்திய மூலதனம் யாருடையது? தீப்பெட்டிக்கும் துணிக்கும் வரி கொடுத்த ஏழைகளுடையது.

புதிய விதிகள் வந்த பின்னும் கூடலேகம் ஒழிந்துவிடவில்லை. வேறு உரு எடுத்தது. 90 நாட்கள் முடியும் தறுவாயில், கடனைக் கட்டாதவர்க்கே இன்னொரு பெயரில் புதிய கடன் தந்து, அப்பணத்தால் பழைய தவணையைத் தீர்க்கச் செய்வது ஓர் உத்தி. பழைய கடன் பச்சைப் பசேல் என்று தோன்றும். நம் ஊர்க்காரர்க்கு இதை விளக்கப் பல சொற்கள் வேண்டியதில்லை. வெள்ளி இழையில் பொன் முலாம் பூசிய அசல் ஜரிகைக்கும், செம்புக் கம்பியில் மினுக்கேற்றிய போலி ஜரிகைக்கும் கடை விளக்கொளியில் வேறுபாடு தெரியாது. சேலையைக் கட்டி, துவைத்து, சில ஆண்டுகள் சென்றபின் கறுக்கும்போதுதான் தெரியும். விற்றவர் அப்போது அங்கே இரார். தரம் குறைந்ததை உயர்ந்தது போலக் காட்டி விற்பதைப் பிரதிரூபக வியவகாரம் என்று கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் வைத்தனர் ஆசாரியர். கணக்கில் கூடலேகம், கடையில் பிரதிரூபகம்; இரண்டும் உடன்பிறந்தவை.

2015இல் ரிசர்வ் வங்கி வங்கிகளின் கடன்களை நேரே ஆராய்ந்து, நல்லவை என்று காட்டப்பட்டிருந்த பலவற்றை வாராக்கடன் வகைக்கு மாற்றச் செய்தது. அதன் பின் 2018 மார்ச்சில் நம் நாட்டு வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 11 விழுக்காட்டைத் தாண்டியது. நூறு ரூபாய்க் கடனில் பதினோரு ரூபாய்! அது 2025 மார்ச்சில் 2.3 விழுக்காடாகக் குறைந்துள்ளது. மகிழத்தக்கதே. ஆயினும் அதில் ஒரு பகுதி வசூலால் குறைந்தது. ஒரு பகுதி கணக்கிலிருந்து நீக்கியதால் குறைந்தது. 2014-15 முதல் 2022-23 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் வணிக வங்கிகள் 14.56 இலட்சம் கோடி ரூபாய்க் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இவ்விடத்தில் தமிழாசிரியரின் குறையொன்றைச் சொல்ல இசைவு தருக. நம் செய்தித்தாள்கள் இதற்கும் 'தள்ளுபடி' என்றே எழுதுகின்றன. உழவர்க்கும் நெசவாளர்க்கும் அரசு கடனை விட்டுக்கொடுப்பதற்கும் 'தள்ளுபடி' என்றே எழுதுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் கடன்பட்டவர் இன்னும் கடனாளியே. வங்கி தன் பேரேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு வசூல் முயற்சியைத் தொடரலாம். பின்னதில் கடனே இல்லாமற் போகிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்குவதால் பெருங்கடனாளிகள் மன்னிக்கப்பட்டனர் என்று சிலர் சினக்கின்றனர். சிறு கடனாளிகள் சிலரோ தமக்கும் மன்னிப்பு உண்டென்று கட்டாமல் இருந்து துன்புறுகின்றனர். முன்னதைக் 'கணக்கு நீக்கம்' என்றால் தெளிவாக இருக்கும். 'வாராக்கடன்' என்னும் சொல்லும் அப்படித்தான். ஏதோ கடனுக்குக் கால் முளைத்து, அது வர மறுப்பது போல. கொடாதவர் ஒருவர் இருக்கிறார், ஆராயாமல் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அச்சொல் மறைக்கிறது.

இனி, மறைப்பதே தீங்கு தவிர்ப்பது என்னும் வாதத்துக்கு வருவோம். இதில் உண்மை உண்டு. வதந்தியால் நல்ல வங்கியும் வீழக்கூடும். கூட்டம் கூடி ஒரே நாளில் கேட்டால் எவ்வங்கியாலும் கொடுக்க இயலாது. பணம் கடனாக வெளியே இருக்கிறது. மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே நின்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நோயாளியிடம் மெல்லச் சொல்வது வேறு. நோய் இல்லை என்று சான்றிதழ் எழுதித் தருவது வேறு.

கரூரில் 1926இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கியின் வரலாறு நமக்கு அண்மைப் பாடம். சிறு வணிகர்க்கும் உழவர்க்கும் கடன் தந்து வளர்ந்த வங்கி அது. பிற்காலத்தில் பெருநிறுவனக் கடன்களில் இறங்கியது. ரெலிகேர் பின்வெஸ்ட் என்னும் நிறுவனம் வைத்திருந்த ஏறத்தாழ 790 கோடி ரூபாய் வைப்பை ஈடாகக் கொண்டு தந்த கடன் பெரும் வழக்காயிற்று. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதனைத் திருத்த நடவடிக்கையின்கீழ் கொணர்ந்தது. 2020 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 25 விழுக்காட்டைக் கடந்தது; அவ்வாண்டின் இழப்பு 836 கோடி. 2020 செப்டம்பரில் பங்குதாரர் கூடித் தலைமை அதிகாரி உள்ளிட்ட ஏழு இயக்குநர்களை வாக்களித்து நீக்கினர். நவம்பர் 17ஆம் நாள் வங்கி முடக்கப்பட்டது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்றனர். பத்து நாட்களில், நவம்பர் 27இல், டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர் பணம் முழுதும் காக்கப்பட்டது. இது ரிசர்வ் வங்கிக்குப் பாராட்டு. ஆனால் பங்குதாரரின் பங்கு முழுவதும் பூச்சியமாயிற்று. கடன் பத்திரம் வாங்கியவர்களின் 318 கோடியும் போயிற்று. தலைமுறை தலைமுறையாக அவ்வங்கியின் பங்குகளைக் குடும்பச் சொத்தாக வைத்திருந்த கரூர், சேலம் பகுதிக் குடும்பங்கள் எத்தனை!

இந்நிகழ்ச்சியில் நாம் காண்பது என்ன? இரண்டாண்டுகளாக வங்கியின் நலிவு ஓரளவு வெளிப்பட்டே இருந்தது. வைப்பாளர் பலர் மெல்ல மெல்லப் பணத்தை எடுத்துக்கொண்டனர். ஆனால் ஒரே நாளில் ஓடிச் சிதறவில்லை. உண்மை படிப்படியாக வந்தபோது மக்கள் அதைத் தாங்கிக்கொண்டனர். தாங்க இயலாமற் போவது, நேற்றுவரை நலம் என்று சொல்லிவிட்டு இன்று காலை இல்லை என்று சொல்வதே. மறைத்தவர் துன்பத்தைத் தவிர்க்கவில்லை. அதைத் தள்ளிப் போட்டார், வளர்த்தார், வேறொருவர் தலைமேல் ஏற்றினார். இடைப்பட்ட காலத்தில் உண்மை அறிந்த சிலர் தப்பிச் செல்வர். அறியாதவர் உள்ளே வருவர். தீங்கு தவிர்க்கும் மௌனம் என்றால் அதனால் வலியவர்க்கும் எளியவர்க்கும் ஒரே அளவில் நன்மை விளைய வேண்டும். வங்கிக் கணக்கின் மௌனம் ஒருபோதும் அவ்வாறு விளைந்ததில்லை. துன்பம் தரும் உண்மையைச் சொல்லற்க என்ற கொள்கை, பேசுபவன் தன் நலம் கருதாதபோது மட்டுமே பொருந்தும் என்பது நம் துணிபு. மறைப்பவனின் பதவியும் ஊதியமும் அம்மறைப்பில் தங்கியிருக்குமாயின், அவன் அஹிம்சையின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவன்.

யார் தலையில் இச்சுமை ஏறுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுவோம். வகுப்பறைப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஒரு வங்கி நூறு பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாயாக ஓர் இலட்சம் கடன் தருகிறது. வட்டி 10 விழுக்காடு, வரவு 10,000. வைப்பாளர்க்குத் தர வேண்டிய வட்டி 6 விழுக்காடு, 6,000. செலவு 2,500. மிச்சம் 1,500. நூற்றுவரில் இருவர் அசலும் வட்டியும் தாராமற் போனால்? வட்டியில் 200 குறைந்து மிச்சம் 1,300. அசலில் 2,000 போகிறது. முடிவில் 700 இழப்பு. இருவர் தவறினால் தொண்ணூற்றெண்மர் நாணயமும் பயனற்றுப் போகிறது. அடுத்த ஆண்டு வங்கி என்ன செய்யும்? தவறாமல் கட்டும் 98 பேரின் வட்டியை உயர்த்தும். வைப்பாளரின் வட்டியைத் தாழ்த்தும். ஒழுங்காகக் கட்டும் தறிக்காரர், தம்மை அறியாமலே, எங்கோ ஒரு பெருநிறுவனம் கட்டாத கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், 'சந்தை நிலவரம்' என்பர்.

வட்டி வீதத்தை வகுக்கும் முறையும் நெடுங்காலம் இருட்டிலேயே இருந்தது. 2010இல் அடிப்படை வீதம், 2016இல் நிதிச் செலவை ஒட்டிய வீதம் என்று ரிசர்வ் வங்கி முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்தது. மைய வட்டி ஏறும்போது உடனே ஏறிய கடன் வட்டி, இறங்கும்போது மட்டும் நொண்டி நடந்தது. வங்கிகள் தம் விருப்பம்போல் கூட்டு விகிதங்களைச் சேர்த்து வந்தமையை 2017இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் குழுவே எடுத்துக்காட்டியது. அதன் பின்னரே 2019 அக்டோபர் முதல் வீட்டுக்கடன் முதலிய மாறும் வட்டிக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டன. 2022 மேக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே அந்த அளவுகோலான ரெப்போ வீதம் 4இலிருந்து 6.5 விழுக்காடாக ஏறியபோது, பல வங்கிகள் மாதத் தவணையை உயர்த்தாமல் கால அளவை நீட்டின. அறுபது வயதில் முடியும் என்று எண்ணிய கடன் எழுபதைத் தாண்டிப் போனதை எத்தனையோ பேர் மிகப் பின்னரே அறிந்தனர். கடன் பெற்றவர்க்கு இதைத் தெரிவித்து அவர் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ஆணை பிறந்தது.

சிறு கடனாளியிடம் சொல்லப்படும் வட்டி பெரும்பாலும் உண்மை வட்டியன்று. ஓர் இலட்சம் ரூபாய்க்கு '12 விழுக்காடுதான்' என்று கூறி, ஓராண்டு வட்டி 12,000ஐ முதலிலேயே கூட்டி, மாதம் 9,333 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணையில் வாங்குவர். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் அவர் கொடுப்பது ஏறத்தாழ 21.5 விழுக்காடு. சொன்ன எண்ணில் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் தருதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கையெழுத்திடுமுன் அத்தாளைக் கேட்டுப் பெறுமாறு நம் இளைஞர்கள் தத்தம் தெருவில் உள்ளோர்க்குச் சொல்லலாம்.

அடுத்து, கட்டாதவர் பெயரை வெளியிடலாமா என்னும் சிக்கல். 2015 டிசம்பர் 16இல் உச்ச நீதிமன்றம், வங்கிகளிடமிருந்து பெற்ற தகவல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கி மறைக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கியின் கடமை வங்கிகளுக்கு அன்று, பொதுமக்களுக்கே என்பது அத்தீர்ப்பின் உயிர். ஆயின் அதே காலத்தில், சிறு கடனாளிகளின் நிழற்படத்தைச் செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் வெளியிடும் வழக்கமும் இருந்தது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு வெளியிடுவதில் தவறில்லை என்றது. 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அது மனிதரின் மானத்தைப் பறிப்பது என்று கூறித் தடுத்தது.

இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஆயிரங்கோடி கட்டாதவர் பெயரைப் பெற உச்ச நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது. ஐம்பதாயிரம் கட்டாதவர் முகம் தெருமுனையில் தொங்கியது. அறம் தலைகீழாக நின்றது என்பதன்றி வேறென் சொல்ல! நம் ஆகமம் வினையை உள்ளக் கருத்தோடு சேர்த்தே எடையிடும். மடி நோயுற்றுத் தறியில் அமர இயலாதவரும், பட்டு நூல் விலையேற்றத்தால் நொடித்தவரும் கட்டத் தவறியது வேறு; கட்ட வல்லவராக இருந்தும் பணத்தை வேறிடம் கடத்தியவர் கட்டாதது வேறு. முன்னவர்க்குக் காலம் தருக, வட்டி குறைக்குக. அவர் பெயர் வங்கிக்குள் இருந்தால் போதும். பின்னவர் பெயரை மறைக்க ஒரு காரணமும் இல்லை. வேண்டுமென்றே கட்டாதவர் என ஒரு வகையை ரிசர்வ் வங்கி 25 இலட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கு வகுத்துள்ளது. அவ்வகையில் ஒருவரைச் சேர்க்குமுன் அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதும் விதி, நல்ல விதி.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதலில் கற்பித்தது பாடம் நடத்துவதை அன்று, பதிவேடு எழுதுவதை. தவறு நேர்ந்தால் சுரண்டி அழிக்கலாகாது. ஒற்றைக் கோடிட்டு, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பமிட வேண்டும். தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும், திருத்தியவரும் தெரிய வேண்டும். நாற்பது பிள்ளைகளின் வருகைக்கு இவ்வளவு கட்டுப்பாடு என்றால், கோடிக்கணக்கானோரின் சேமிப்புக்கு எவ்வளவு இருத்தல் வேண்டும்?

வைப்பாளராகிய நம் பக்கமும் ஒரு சொல். தொண்ணூறுகளில் நம் ஊரில் ஒரு நிதி நிறுவனம் 24 விழுக்காடு வட்டி தருவதாகக் கூவியபோது, நம்மோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் தம் வருங்கால வைப்பு நிதி முழுவதையும் அதில் இட்டார். ஈராண்டு வட்டி வந்தது. பின்னர்க் கதவு பூட்டப்பட்டது. அவ்வளவு வட்டியை எத்தொழிலில் ஈட்டித் தருவர் என்று கேட்கத் தோன்றவில்லை, கேட்டவரைப் பொறாமைக்காரர் என்றனர். பொருள் வரைதல் என்னும் விரதம் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு மட்டும் எல்லையிடுவதன்று. எவ்வழியில் பெருகலாம் என்று விரும்புவதற்கும் எல்லையிடுவது. வணிக வங்கியில் வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவர்க்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. பெயர்ப்பலகையில் 'பைனான்ஸ்' என்று எழுதியவரிடம் அது இல்லை.

இறுதியாக நியாசாபகாரத்துக்கே திரும்புவோம். பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புகளை 2014 முதல் ரிசர்வ் வங்கியின் தனி நிதியொன்றுக்கு மாற்றி வருகின்றனர். 2024 மார்ச்சு இறுதியில் அத்தொகை 78,213 கோடி ரூபாய். கணவர் வைத்ததை அறியாத மனைவியர், தந்தை வைத்ததை அறியாத மக்கள், தாமே வைத்து மறந்த முதியோர் ஆகியோரின் பொருள் அது. மறந்தவர்க்கு 'ஆம், அவ்வளவே' என்று சொல்லாமல், 'உம்முடையது இன்னும் இருக்கிறது' என்று சொல்ல 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் தேடுதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. வைத்தவர் பெயரும், நிரந்தரக் கணக்கெண்ணோ பிறந்த நாளோ வேறொரு சான்றோ இருந்தால் பல வங்கிகளில் ஒருங்கே தேடலாம். உரியவரோ வாரிசோ உரிய சான்றுகளுடன் அந்த வங்கிக் கிளைக்குச் சென்றால், எத்தனை ஆண்டு சென்றிருந்தாலும் பணத்தைப் பெறலாம். நம் சமூகத்துப் பெரியவர்கள் பலர், பணி மாறி மாறிச் சென்ற ஊர்களில் எல்லாம் சிறு சிறு கணக்குகள் தொடங்கியவர்கள். திருப்பருத்திக்குன்றத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள இல்லங்களில், பழைய பெட்டிகளின் அடியில் கிடக்கும் மங்கிய பாஸ் புத்தகங்களை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கலாம்.